மூன்று மணிக்கு இருபத்தெட்டு

அந்த வருஷக் கோடையில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் தேயிலையைப் போட்டால் போதும், டீ தயார். சுவரில் சாய முடியாது. தரையில் படுக்க முடியாது. அவளும் கணவரும் இருந்தது மேல்மாடி வீடு. தலைக்கு மேல் மொட்டைமாடி, அதற்கு மேல் சூரியன், நடுவில் வேறு யாரும் இல்லை. ஏசி மாட்டலாம் என்று கேட்டதற்கு வீட்டு ஓனர், பழைய வயரிங், தாங்காது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மனுஷர்கள் எப்படியோ சமாளித்தார்கள். மீனால் முடியாது அல்லவா?

மீன் என்றால் ஒரே ஒரு மீன். உள்ளங்கையை நிறைக்கிற தங்கமீன், தலையில் சிவப்பாக ஒரு குமிழ். பெயர் ஆபீசர். சாப்பாடு போடப் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, 'என்ன விஷயம், சீக்கிரம் சொல்லு' என்பதுபோல் பார்க்கும். கல்யாணமான இரண்டாவது மாதம் அவள் கணவர் ஒரு பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்தது. கடைக்காரர் ஒரு வருஷம் தாங்கினால் பெரிசு என்றாராம். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. கடையையே மூடிவிட்டார்கள், ஆபீசர் இருந்தது. இந்தக் கோடையையும் அது தாண்டிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

அவள் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். அங்கே ஏசி உண்டு, மெஷின் இருக்கிற அறைக்கு மட்டும். ஊசி குத்துகிறவளுக்கும் குத்திக்கொள்கிறவருக்கும் மின்விசிறிதான். மருந்துகள் வைக்கும் ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எத்தனை டிகிரி என்று பார்த்துத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாதது நடக்காதது என்பது லேபின் சட்டம். பதினோரு வருஷமாக அந்தச் சட்டத்திலேயே ஊறியவள், வீட்டிலும் ஒரு தாளைக் கோடு போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியதில் ஆச்சரியம் இல்லை. நேரம், டிகிரி, பாட்டில் போட்டாச்சா, கையெழுத்து. நான்கு கட்டம்.

திட்டம் சுலபமானதுதான். தொட்டியின் மூடியை எடுத்துவிட வேண்டும். விளக்கைப் போடக் கூடாது. ஒரு சின்ன விசிறியை விளிம்பில் மாட்டித் தண்ணீரின் மேல் காற்று அடிக்கிற மாதிரி வைக்க வேண்டும். காற்றுக் குழாய் நிற்கவே கூடாது, ஏனென்றால் தண்ணீர் சூடாக ஆக அதில் மூச்சுக் காற்று குறையும். ஃபிரீசரில் ஆறு தண்ணீர் பாட்டில்கள் கல்லாக உறைந்திருக்கும். ஒன்பது மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, ஒரு மணி, மூன்று மணி, ஐந்து மணிக்கு ஒவ்வொன்று எனத் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். ஆறாவது அவசரத்துக்கு. ஒரு நேரத்தில் ஒன்றுதான். அவசரப்பட்டு இரண்டு மூன்றைப் போட்டால் தண்ணீர் சடாரென்று குளிர்ந்துவிடும், அது சூட்டைவிட மோசம். இருபத்தெட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ஆபீசர் பிழைத்துவிடும்.

யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியே எழவில்லை. கணவர் வீடுகளுக்குப் படம் வரைகிறவர். வாசல் எங்கே, ஜன்னல் எங்கே என்று லேப்டாப்பில் கோடு இழுப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டட வேலை நடக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வருவார், மற்ற நாளெல்லாம் வீடுதான்.

"நான் வீட்லதானே இருக்கேன். ரெண்டு மணிக்கு ஒருதரம் எழுந்து ஒரு பாட்டிலை மாத்தறதுல என்ன, இடுப்பா ஒடிஞ்சுடப் போகுது?" என்றார் அவராகவே.

"ஒண்ணு ஒண்ணாதான் போடணுங்க."

"ஒரு தடவை சொன்னா புரியாதா எனக்கு? நம்ம ஆபீசர்ம்மா அது. நீ நிம்மதியா வேலைக்குப் போ."

அவள் நிம்மதியாகப் போனாள். மதியம் சாப்பிடும்போது போன் செய்வாள். "போட்டாச்சு" என்பார் அவர். சாயங்காலம் ஆறரைக்கு வியர்வையும் மூச்சுமாக மாடி ஏறி வந்தால், வீட்டுக்காரர் பனியனோடு விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோடு இழுத்துக்கொண்டிருப்பார். தொட்டியில் எண் இருபத்தெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். தாளில் ஐந்து வரிசையும் நிரம்பியிருக்கும். 27.9, 28.1, 28.2. ஒவ்வொன்றுக்கும் எதிரே அவருடைய சுழித்த கையெழுத்து. அவள் அதைத் தினமும் போட்டோ பிடித்து வைத்துக்கொண்டாள் என்றால் பாருங்கள். லேபில் ஒருத்தியிடம் காட்டியும் விட்டாள், எங்க வீட்டுக்காரர் எப்படி, பார்த்தியா என்று.

இதே தாளை லேபில் யாராவது கொண்டுவந்து நீட்டியிருந்தால் அவள் அந்த நிமிஷமே கேள்வி கேட்டிருப்பாள். நிஜமாக எடுத்த கணக்கு இவ்வளவு வழவழவென்று இருக்காது. ஒருநாள் பேனா எழுதாது, ஒருநாள் ஈரக் கை பட்டு எண் கலையும், ஒருநாள் கால் மணி தாமதமாகும். இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கட்டிய கணவரைச் சந்தேகப்படுவதற்கு லேபில் யாரும் பயிற்சி தருவதில்லை.

மூன்றாவது வாரம் ஆபீசருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றது. சாப்பாடு போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. செதிலில் பளபளப்பு போய் மங்கல் தட்டியது. அவள் உப்புப் போட்டுப் பார்த்தாள். சாப்பாட்டைக் குறைத்தாள். தினமும் வேலையிலிருந்து வந்ததும் கொஞ்சம் தண்ணீரை மாற்றினாள். தாளைப் பார்த்தால் சூடு ஏறவே இல்லை. அப்படியானால் தப்பு வேறெங்கோ, அதாவது தன்னிடம்தான், என்று முடிவு கட்டினாள்.

"நான்தாங்க ஏதோ பண்ணிட்டேன். தண்ணி மாத்தும்போது கை சோப்போட இருந்திருக்குமோ என்னமோ. நீங்க இவ்வளவு பார்த்துப் பார்த்து வெச்சும் நான் கெடுத்துட்டேன்" என்று ஒருநாள் தொட்டி எதிரில் உட்கார்ந்து அழுதாள்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தலையைத் தடவிக் கொடுத்தார். "ஒன்பது வயசாயிடுச்சும்மா. நம்ம கையில என்ன இருக்கு? நீ பண்ணாததா? மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்றார். அவள் இன்னும் கொஞ்சம் அழுது, இப்படி ஒரு மனுஷர் கிடைத்ததற்கு நன்றியோடு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

இடையில் இன்னொரு சின்ன வருத்தமும் இருந்தது. இரண்டு தெரு தள்ளி நாத்தனார் வீடு. கணவருக்கு அக்கா. போன் எடுத்தால் அரைமணிக்குக் குறையாமல் பேசுகிற மனுஷி, இந்த ஒரு மாதமாக "ம்", "சரி", "வெச்சுடட்டுமா" என்று மூன்றே வார்த்தையில் முடித்துக்கொண்டிருந்தாள். என்ன கோபமோ தெரியவில்லை. கணவரைக் கேட்டதற்கு, "வெயில்ல அக்காவுக்குத் தலைவலி, கண்டுக்காதே" என்றார். அவள் கண்டுகொள்ளவில்லை.

அந்த வியாழக்கிழமை லேப் இருந்த தெருவில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் இருமிவிட்டு நின்றுபோனது. எடுத்த ரத்தத்தையெல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்து இன்னொரு கிளைக்கு அனுப்பிவிட்டு, எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் பாதியில் விட்ட சந்தோஷத்தோடு அவள் பன்னிரண்டு இருபதுக்கு மாடி ஏறினாள். கணவரைப் படுக்கச் சொல்லிவிட்டு ஒரு மணி பாட்டிலைத் தானே போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

கதவு பூட்டியிருந்தது.

பால் வாங்கப் போயிருப்பார் என்று தன்னிடமிருந்த சாவியால் திறந்தாள். உள்ளே காற்று அடுப்பைத் திறந்தமாதிரி முகத்தில் அடித்தது. வீடு சத்தமில்லாமல் இருந்தது. காற்றுக் குழாயின் குமிழிச் சத்தம் இல்லை, சின்ன விசிறியின் உறுமல் இல்லை. வெளியே கிளம்பும்போது சுவிட்ச் போர்டைக் கையால் ஒரே வீச்சில் அணைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அதில் ஆபீசரின் மூச்சும் அணைந்திருந்தது.

எண்ணைப் பார்த்தாள். 33.6.

ஆபீசர் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் ஓடிப்போய் எல்லா சுவிட்சையும் போட்டாள். ஃபிரீசரைத் திறந்தால் ஆறு பாட்டிலும் கல்லாக, மேலே படிந்த வெள்ளைத் தூள்கூடக் கலையாமல் வரிசையாகக் கிடந்தன. ஒன்பது மணி பாட்டிலும் அதில்தான் இருந்தது, பதினொரு மணி பாட்டிலும் அதில்தான் இருந்தது.

ஒன்றை எடுத்து மிதக்கவிட்டுவிட்டுத் தாளைப் பார்த்தாள். ஒன்பது மணி, 27.8. பதினொன்று, 28. ஒரு மணி, 28.1. மூன்று மணி, 28.2. ஐந்து மணி, 28. ஐந்துக்கும் பாட்டில் போட்டாச்சு, ஐந்துக்கும் கையெழுத்து. சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு இருபத்தாறு. இன்னும் வராத மூன்று மணியை மனுஷர் காலையிலேயே எழுதி முடித்திருந்தார்.

முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. போனை எடுத்தாள்.

"சாப்பிட்டாச்சா?" என்றார் அவர் எடுத்ததும், தினமும் கேட்கிற அதே குரலில்.

"இல்ல. தண்ணி எவ்வளவு காட்டுது?"

"இப்பதான் பார்த்தேன். இருபத்தெட்டு."

"பாட்டில்?"

"போட்டாச்சும்மா. ஒரு மணிக்கு அடுத்தது. நீ ஏன் இப்படி—"

அவர் முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல், சாவகாசமாகக் கேட்டது. "தம்பி, ஏசியை இன்னும் கொஞ்சம் குறைக்கவா, போதுமா?"

"டிவி" என்றார் அவர் அவசரமாக.

"ஓ" என்றாள் அவள். "டிவில உங்க அக்கா வர்றாங்களா?"

"நான் தொட்டிக்கு முன்னாடிதான் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இரண்டு தெருவை நடந்து கடக்க பத்து நிமிஷம் ஆகும். அவர் நாலு நிமிஷத்தில் வந்தார், பின்னாலேயே மூச்சிரைக்க நாத்தனாரும் வந்தாள். அவள் திரும்பவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு, ஆபீசரைச் சாயாமல் தாங்கிப் பிடித்து, குமிழி வருகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அது அவள் விரல்களின்மேல் படுத்திருந்தது. ஒன்பது வருஷத்தில் தொட்டால் துள்ளி ஓடாமல் இருந்தது அதுதான் முதல்முறை.

"இன்னும் ரெண்டு பாட்டில் கொண்டு வரட்டுமா?" என்றார் கணவர்.

"ஒண்ணு ஒண்ணாதான் போடணும்."

"நான் தினமும் ஆறையும் ஒண்ணாதானே போட்டேன், ஒண்ணும் ஆகலையே." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

அவள் மெதுவாகத் திரும்பினாள். "எப்ப?"

"அஞ்சு மணிக்கு வந்ததும். ஒரு மணி நேரத்துல நல்லா இறங்கிடும். அப்புறம் ஒண்ணை விட்டுட்டு மத்ததை ஃபிரீசர்ல வெச்சுடுவேன். நீ வரும்போது கரெக்டா இருபத்தெட்டு இருக்கும்." அந்தக் கரெக்டில் இத்தனூண்டு பெருமைகூட இருந்தது.

ஆக, விஷயம் அதுதான். பகலெல்லாம் வேகவைத்து, சாயங்காலம் ஒரே போடாகக் குளிரில் முக்கி எடுத்திருக்கிறார். ஒருநாள் இல்லை, மூன்று வாரத்துக்கும் மேல். ஆபீசர் மூலையில் ஒடுங்கியது அதனால்தான். தான் செய்வது தெரிந்தேதான் இவள் தலையைத் தடவி, வயசாயிடுச்சு என்றிருக்கிறார். இவள் சோப்புக் கையென்று தன்னையே திட்டிக்கொண்டு அழுததைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்.

"நான் அழுதேனே. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

நாத்தனார் தம்பியைக் காப்பாற்ற முன்னால் வந்தாள். "அவன்மேல பாயாதே. வெயில் தாங்காம வந்து படுத்தான், அது ஒரு குத்தமா? உன்னையும்தானே கூப்பிட்டேன். நீதான் வரமாட்டேன்னுட்டே."

"என்னை எப்ப கூப்பிட்டீங்க, அண்ணி?"

"நல்லாருக்கே. வாரா வாரம் சொல்லி அனுப்பறேன், ஞாயித்துக்கிழமையாவது ரெண்டு பேரும் வந்து குளிர்ல படுத்துட்டுப் போங்கன்னு. எனக்கு மீன்தான் முக்கியம், உங்க வீட்டு ஏசி எனக்கு ஒண்ணும் வேண்டாம்னியாமே. எனக்கு எப்படி இருந்திருக்கும்? போன்ல உன்கிட்ட பேசவே பிடிக்கல."

"நானா சொன்னேன்?"

நாத்தனாரும் அவளும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கட்டடம் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எங்கே போயின என்பதும் அப்போதே விளங்கிவிட்டது.

"ஏங்க?" என்றாள் அவள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் சொன்னார். "நீ வந்தா அங்கேயும் வந்து டிகிரி, பாட்டில், நேரமாச்சுன்னு ஆரம்பிப்ப. ரெண்டு மணிக்கு ஒருதரம் ஓடிப் பார்த்துட்டு வாங்கன்னுவ. கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கலாம்னு..." இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவர் பொய் சொன்னபோதெல்லாம் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்ன அந்த ஒரே உண்மைதான் நெஞ்சில் போய் நின்றது. வெயிலிலிருந்து மட்டும் அல்ல, அவளிடமிருந்தும் அவர் தப்பித்துப் போயிருந்தார்.

விரலில் ஏதோ மாறியது போலிருந்தது. குனிந்து பார்த்தாள். ஆபீசரின் வாய் திறந்தபடி இருந்தது, மூடவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கையை லேசாக அசைத்துப் பார்த்தாள். மீன் கையோடு அசைந்தது. தொட்டியின் எண் 31.4 காட்டியது. அவள் கையை வெளியே எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"போயிடுச்சா?" என்றார் அவர் சின்னக் குரலில்.

"நீங்களே எடுத்துடுங்க" என்றாள் அவள். "நீங்க வீட்லதானே இருக்கீங்க."

நாத்தனார் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தாள். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. நீ இந்தச் சூட்ல நிக்காதே, எங்கூட வா. கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வருவே."

அவள் மறுப்பாள் என்றுதான் கணவர் நினைத்திருப்பார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர் கூடவே இரண்டு படி இறங்கி, நின்று, மறுபடி மேலே ஏறிப் போனார்.

தெருவில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. நாத்தனார் வீட்டில் உள் அறைக் கதவைத் திறந்ததும் குளிர் வந்து மேலே விழுந்தது. அவள் தோள் தானாக நடுங்கியது. ஒரு மாதமாக அப்படி ஒரு காற்று அவள்மேல் பட்டதில்லை. ஜன்னலோரம் சோபா. அதன் பக்கத்துப் பிளக்கில் கணவருடைய லேப்டாப் சார்ஜர் அப்படியே மாட்டியிருந்தது, லேப்டாப்பை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடின அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார். சோபாவில் தலையணை அவர் தலையின் அளவுக்குக் குழிந்திருந்தது. அதன்மேல் ஒரு கம்பளிப் போர்வை, பாதி தரையில் சரிந்து கிடந்தது.

அவள் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது யாருக்கு அண்ணி?"

நாத்தனார் அதை எடுத்து மடிக்கப் போனாள், மடிக்க முடியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாதவள் அவள்.

"அவனுக்குத்தாம்மா. மத்தியானத்துல ரொம்பக் குளிருதுன்னான்."